ஆடுதுறை வீட்டுச் சர்வர்: பழுதும் மீட்பும் புதுப்பிப்பும்

ஆடுதுறையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டில் 2013 முதல் ஒரு சேமிப்புச் சர்வர், அதாவது வீட்டுக் கணினிகள் எல்லாம் கோப்புகளை வைத்து எடுக்கும் பொதுக் கணினி, ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஐப்பசி மழையில், மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு, அதிலிருந்த கோப்புகள் வீட்டில் எந்தக் கணினியிலும் தெரியவில்லை. உள்ளே நான்கு டிஸ்க்குகள், ரெய்டு 5 அமைப்பு: தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதி, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு எடுக்க வழி வைக்கிற முறை. அவற்றில் இரண்டு கழன்றுவிட்டதாகச் சர்வர் சொன்னது. ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனால் சமாளிக்கலாம், இரண்டு போனால் முடியாது. முதலில் வந்து பார்த்த ஒருவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அமைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

கடைசியில் எல்லாக் கோப்புகளும் திரும்பக் கிடைத்தன. கிடைத்ததற்குக் காரணம் வேலையின் வரிசை. பழுதான சர்வரிலிருந்து தரவு போவது, நான் பார்த்த வரையில், பழுது என்று தெரிந்த பிறகு நடக்கிற வேலையில்தான். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தொடாமல் இருப்பது என்று தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கும்பகோணத்தில் கணினிப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிற நான் இந்த ஒன்றை விரிவாக எழுதுவது அதற்காகத்தான்.

உள்ளே இருந்தது என்ன

தலைமையாசிரியர் சாரின் அப்பா காலத்திலிருந்து சேர்த்த நாகஸ்வர, தவில் ஒலிப்பதிவுகள். ஆடுதுறையைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. தோடி ராகம் என்றாலே நினைவுக்கு வருகிற நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை பக்கத்தில்தான் இருக்கிறது. நாகஸ்வரத்தையே கடைந்து செய்கிற நரசிங்கம்பேட்டையும் பக்கம். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாரின் அப்பா கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று போன இடமெல்லாம் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார். பெயர் பெற்ற வித்வான்கள் கொஞ்சம். அந்தந்தக் கோயிலில் காலம் பூராவும் வாசித்து, ஒரு இசைத்தட்டு கூட வெளிவராமல் போனவர்கள்தான் அதிகம். அவர்கள் வாசித்ததற்கு இந்தப் பதிவுகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

சார் அவற்றை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் வேவ் கோப்புகளாக, அதாவது சுருக்காத ஒலிக்கோப்புகளாக, மாற்றி வைத்திருந்தார். இந்த அளவில் ஸ்டீரியோ ஒலி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி பிடிக்கும். 90 நிமிடக் கேசட் ஒன்று 3 ஜிபிக்கு மேல் போகும். அதோடு ஆச்சா மரத்தைக் கடைகிற ஆசாரிகளிடம் எடுத்த வீடியோக்கள், ஸ்கேன் செய்த பழைய திருவிழா நோட்டீசுகள், குடும்பப் படங்கள். எல்லாம் சேர்த்து ஐந்தரை டிபி (ஒரு டிபி ஆயிரம் ஜிபி).

மறுபடி கேசட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கு வழி இல்லை. நம் பக்கத்து ஈரத்தில் பாதிக்கு மேல் நாடாக்கள் பூஞ்சை பிடித்துவிட்டன. முன்னே டிவிடியில் போட்டு வைத்த பிரதிகளிலும் பல இப்போது படிக்கவில்லை. சர்வரில் இருந்ததுதான் ஒரே பிரதி.

"தம்பி, இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அழிச்சிட்டுப் புதுசா போடலாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார் சார்.

"முதல்ல எதையும் எழுதப்போறது இல்ல சார். படிக்க மட்டும்தான் போறோம்" என்றேன். அந்த ஒரு விதியை வேலை முடியும்வரை விடவில்லை.

பெட்டி

மாடிப்படிக்குக் கீழே, நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். உள்ளூரில் பொருத்திய சாதாரண டவர். பி75 சிப்செட் மதர்போர்டு, ஐ3-3220 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ராம், 3 டிபி டிஸ்க் நான்கு. ஒரு பென்டிரைவிலிருந்து சேமிப்புச் சர்வருக்கான ஓபன்மீடியாவால்ட் மென்பொருள் ஓடியது. அடியில் இருந்தது டெபியன் 7 என்கிற லினக்ஸ். 2018-லேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பு அது.

மூடியைத் திறந்ததும் தெரிந்தது தூசி. வீட்டுத் தூசி மாதிரி இல்லை. அறுவடைக் காலத்தில் வருகிற உமித்தூள், மழைக்கால ஈரத்தில் ஊறி, விசிறி இறக்கையிலும், மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வலையிலும் பசை போல ஒட்டியிருந்தது. டெல்டாவில் தரையோரம் வைத்த கணினி எதைத் திறந்தாலும் இதைப் பார்க்கலாம். கூடவே பல்லி முட்டையும் இருக்கும்.

அந்தப் பெட்டியில் டிஸ்க்குகளுக்கு மறுபடி மின்சாரம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் எந்த கேபிள் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று படம் எடுத்து, சீரியல் எண்ணைத் தாளில் எழுதி ஒட்டி, நான்கையும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். இங்கே அவற்றை ஏ, பி, சி, டி என்று சொல்கிறேன்.

நான்கு டிஸ்க், நான்கு சாட்சி

கடையில் நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ள வேறொரு கணினியில், பென்டிரைவிலிருந்து கிளப்பிய லினக்ஸில், ஒவ்வொரு டிஸ்க்காகப் பொருத்தி இரண்டு விஷயம் மட்டும் படித்தேன். ஒன்று, ரெய்டு தன் தலைப்பில் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. இன்னொன்று, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் அட்டவணை. இரண்டையும் படிப்பதால் டிஸ்க்கில் உள்ள தரவு எதுவும் மாறாது.

லினக்ஸில் ரெய்டை நடத்தும் எம்டி என்கிற பகுதி ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு நிகழ்வு எண் வைத்திருக்கும். அமைப்பில் ஏதாவது மாறும்போது அந்த எண் ஏறும். கழன்றுபோன டிஸ்க்கில் ஏறாமல் நின்றுவிடும். கடைசியாக எழுதிய நேரமும் பக்கத்தில் இருக்கும். ஏ, பி இரண்டிலும் ஒரே எண். சி அவற்றைவிடச் சில எண்களே பின்தங்கியிருந்தது. நேரம் அந்த மழை ராத்திரி. டி வெகுதூரம் பின்தங்கியிருந்தது; கடைசியாக எழுதிய நேரம் சித்திரை மாதம்.

கதை புரிந்துவிட்டது. டி ஆறு மாதத்துக்கு முன்பே போய்விட்டது. அதன்பின் சர்வர் மூன்று டிஸ்க்கில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓடியிருக்கிறது. யாருக்கும் தெரியாததற்குக் காரணம் அப்புறம் கிடைத்தது. டிஸ்க் பழுதானால் சாருக்கு மின்னஞ்சல் போக ஏற்பாடு இருந்தது. ஆனால் அவருடைய மின்னஞ்சல் சேவை 2022-ல் பழைய முறைக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திவிட்டது. சர்வர் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. எதுவும் போய்ச் சேரவில்லை.

ஸ்மார்ட் அட்டவணையில் டி-யின் நிலை மோசம். 5-ஆம் வரி, அதாவது கெட்டுப்போய் மாற்று இடத்துக்குப் போன செக்டர்கள் (டிஸ்க் தரவை எழுதும் சிறு கட்டங்கள்), நூற்றுக்கணக்கில். 197-ஆம் வரி, அதாவது படிக்க முடியாமல் காத்திருப்பவை, அதுவும் நூற்றுக்கணக்கில். இந்த இரண்டு வரியும் ஏறிக்கொண்டே போகிற டிஸ்க்கை நம்பக் கூடாது.

சி-யில் இரண்டு வரியுமே பூஜ்யம். டிஸ்க்கின் தட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 199-ஆம் வரி, கேபிள் வழியாகத் தரவு போகும்போது வந்த பிழைகளின் கணக்கு, நானூறைத் தாண்டியிருந்தது. அதைவிட முக்கியம் 12-ஆம் வரி: டிஸ்க்குக்கு எத்தனை முறை மின்சாரம் வந்து போனது என்கிற எண்ணிக்கை. நான்கும் ஒரே பெட்டியில், ஒன்றாகவே ஓடி, ஒன்றாகவே நின்றவை. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற மூன்றிலும் முந்நூறை ஒட்டி இருந்தது. சி-யில் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் மின்சாரம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சி நல்ல டிஸ்க். பழுது அதற்குப் போகிற ஒயரில்.

12-ஆம் வரியை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் பழுது பார்ப்பவர்களிடம் அதிகம் இல்லை. ரெய்டிலிருந்து டிஸ்க் கழன்றால் உடனே டிஸ்க்கை மாற்றிவிடுகிறார்கள். புது டிஸ்க்கும் சில மாதத்தில் கழல்கிறது, அதையும் மாற்றுகிறார்கள். இந்த ஒப்பீட்டுக்குக் காசு கிடையாது, இரண்டு நிமிடம் போதும். தயவுசெய்து முதலில் இதைப் பாருங்கள்.

நகல் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்

இந்த நிலையில் பலர் செய்வது, அதே டிஸ்க்குகளில் ரெய்டைப் புதிதாக உருவாக்கும் கட்டளையைக் கொடுத்து, பழைய அமைப்பு அப்படியே திரும்பும் என்று எதிர்பார்ப்பது. சில சமயம் திரும்பும். ஆனால் டிஸ்க் வரிசை, ஒவ்வொரு டிஸ்க்கிலும் மாறி மாறி எழுதும் துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம் மூன்றும் பழையபடியே பொருந்த வேண்டும். தரவு தொடங்கும் இடத்தை, ரெய்டை அமைக்கும் கருவியான எம்டிஏடிஎம்மின் பழைய பதிப்பு ஓரிடத்திலும் புதிய பதிப்பு வேறோரிடத்திலும் வைக்கும். இன்றைய பதிப்பை வைத்து 2013-ல் செய்த அமைப்பை மறுபடி உருவாக்கினால் பொருந்தாது; அதோடு டிஸ்க்குகளை ஒன்றோடொன்று பொருத்தும் ஒத்திசைவு ஓடத் தொடங்கினால் நல்ல தரவின் மேலேயே எழுதும். அந்த வழிக்கே போகவில்லை.

சாரிடம் 12 டிபி டிஸ்க் இரண்டு வாங்கச் சொன்னேன். கடைசியில் சர்வரில் போகப்போவதும் அவைதான். அதுவரை மீட்பு வேலைக்கு இடம் கொடுக்கும். செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது. வாங்கும்போது ஒன்று பார்க்க வேண்டும்: எஸ்எம்ஆர் முறையில் எழுதும் டிஸ்க்காக இருக்கக் கூடாது. அந்த முறையில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். ரெய்டில் மறுகட்டமைப்பு ஓடும்போது இது தாங்க முடியாத அளவுக்கு மெதுவாகிவிடும். சேமிப்புச் சர்வருக்கென்றே பெயர் போட்டு விற்ற டிஸ்க் வகைகளில் சிலவும் இந்த முறையில்தான் எழுதுகின்றன என்று 2020-ல் தெரியவந்தது. ஆகவே அட்டைப் பெட்டியில் இருக்கிற பெயரை நம்பாமல், மாடல் எண்ணை வைத்து, தடங்கள் ஏறாத சிஎம்ஆர் வகைதானா என்று பார்த்து வாங்கினோம்.

ஏ, பி, சி மூன்றையும், பழுதான டிஸ்க்கை நகலெடுப்பதற்கென்றே உள்ள டிடிரெஸ்கியூ கருவி கொண்டு முதல் 12 டிபி டிஸ்க்கில் முழு நகல்களாக இறக்கினேன். சாதாரண நகல் கருவி படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடும், அல்லது அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். டிடிரெஸ்கியூ முதல் சுற்றில் நன்றாக இருக்கிற பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். குறிப்புக் கோப்பு இருப்பதால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் படிக்கிற ஒவ்வொரு நிமிடமும் கடைசி நிமிடமாக இருக்கலாம் என்பதால் இந்த ஒழுங்கு முக்கியம். 3 டிபி டிஸ்க் ஒன்றுக்குச் சுமார் ஏழு மணி நேரம்.

ஏ சுத்தமாக வந்தது. சி-யும் சுத்தம், ஒரு பிழை கூட இல்லை. ஒயர்தான் காரணம் என்பது உறுதியானது. ஆனால் பி-யில் கடைசிப் பகுதியில் வேகம் விழுந்தது. திரும்பத் திரும்ப முயன்ற பிறகும் மூன்று செக்டர் படிக்கவே இல்லை. ஒவ்வொன்றும் 4,096 பைட். இதற்கு அப்புறம் வருகிறேன்.

நகல்களை ஒன்றுசேர்க்கும்போதும் அவற்றின் மேல் நேரடியாக எழுத விடவில்லை. ஒவ்வொரு நகலுக்கும் மேலே மெல்லிய ஓர் அடுக்கு வைத்து, எழுதுவதெல்லாம் அந்த அடுக்குக்கு மட்டும் போகும்படி லினக்ஸில் செய்யலாம். படிக்க மட்டும் என்று சொல்லி ஏற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இந்த டிஸ்க்குகளில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்த இஎக்ஸ்டி4 கோப்பு முறையைப் படிக்க மட்டும் என்று ஏற்றினாலும், நடுவில் மின்சாரம் போன டிஸ்க் என்றால் அது தன் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பை) ஓட்டிச் சிலவற்றைத் திருத்தி எழுதும். அடுக்கு இருந்தால் அதுவும் அடுக்குக்குள்ளேயே அடங்கிவிடும். தவறினால் அடுக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

ஏ, பி, சி மூன்றை மட்டும் வைத்து, நிகழ்வு எண்ணில் இருந்த சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லிச் சேர்த்ததும் அமைப்பு எழுந்தது. டி-யைச் சேர்க்கவில்லை, ஆறு மாதப் பழைய தரவு புதியதோடு கலந்தால் கோப்புகள் குழம்பும்.

அடைவுகள் வரிசையாக வந்து நின்றன. சாரை போனில் கூப்பிட்டு, அவருடைய பேரேட்டை எடுத்துவரச் சொன்னேன். நீள நோட்டு ஒன்றில் ஒவ்வொரு கேசட்டுக்கும் எண், தேதி, கோயில், வாசித்தவர், ராகம் எல்லாம் சாரின் அப்பா கையெழுத்தில் இருக்கிறது; பிற்காலத்துப் பக்கங்கள் சாருடையவை. அவர் எண்ணைப் படிக்க, நான் கோப்பைச் சொல்ல, வரிசையாகச் சரிபார்த்தோம். எல்லாம் இருந்தன. இரண்டாவது 12 டிபி டிஸ்க்கில், எழுதும் எல்லாவற்றுக்கும் சரிபார்ப்பு எண் வைக்கும் கோப்பு முறையான இசட்எஃப்எஸ் அமைத்து அதில் கோப்புகளை இறக்கினேன்.

மூன்று செக்டர்

பி-யில் படிக்காத மூன்று செக்டரில் இரண்டு, எந்தக் கோப்பும் இல்லாத காலி இடத்தில் விழுந்திருந்தன. மூன்றாவது ஒரு வேவ் கோப்புக்கு நடுவில். திருவிழாவில் வாசித்த ஒரு தோடி ஆலாபனை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி விநாடிக்கு 5,76,000 பைட். 4,096 பைட் என்றால் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, ஏழு மில்லி விநாடி. அவ்வளவு சிறியதுதான். ஆனால் நீண்ட கார்வைக்கு, அதாவது ஒரே ஸ்வரத்தை இழுத்து நிறுத்தும் இடத்துக்கு, நடுவில் அது 'டக்' என்று கேட்கும். சார் ஒரே தடவையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

இந்த இடத்தில்தான் ஒதுக்கி வைத்த டி உதவியது. ரெய்டு 5-ல் எல்லா டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் உள்ள பைட்டுகளை எக்ஸ்ஓஆர் (XOR) என்கிற பிட் கணக்கில் சேர்த்தால் விடை பூஜ்யம் வரும். எது தரவு, எது பாரிட்டி (மீட்பதற்காக எழுதி வைக்கும் கணக்கு விடை), துண்டின் அளவு என்ன என்பதெல்லாம் தெரியவே வேண்டாம். ஆகவே ஏ, சி, டி மூன்றிலும் அதே இடத்தைப் படித்துச் சேர்த்தால் பி-யில் இருந்தது கிடைத்துவிடும். டி ஆறு மாதப் பழையதாயிற்றே என்றால், இந்தக் கோப்பு எழுதியது அதற்குப் பல வருடம் முன்பு. அதன்பின் அந்தப் பட்டையில், அதாவது நான்கு டிஸ்க்கிலும் அதே இடத்தில் உள்ள துண்டுகளில், எதுவும் மாறவில்லை என்றால் டி-யில் இருப்பதும் சரியானதே.

மாறவில்லை என்று எப்படித் தெரியும்? பி-யில் அந்தச் செக்டருக்கு முன்னும் பின்னும் உள்ளவை நன்றாகப் படிக்கின்றன. முதலில் அவற்றுக்கு இதே கணக்கைப் போட்டேன். ஏ, சி, டி-யிலிருந்து வந்த விடையும் பி-யில் நிஜமாக இருப்பதும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போயின. பட்டை மாறவில்லை. பிறகு படிக்காத செக்டருக்கும் போட்டு, வந்த விடையை நகலில் அந்த இடத்தில் எழுதினேன். டி-யில் நூற்றுக்கணக்கான செக்டர்கள் கெட்டிருந்தும் நமக்கு வேண்டிய இடம் படித்தது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் விட்டுப்போகாமல் சேர்ந்திருந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். "கார்வை அறுபடலை" என்றார்.

அதனால் செத்துப்போன டிஸ்க் என்று எதையும் வேலை முடியும் முன் தூக்கிப் போடாதீர்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

மின்சாரம்

தரவு பத்திரமானதும் பெட்டிக்குத் திரும்பினேன். சி-க்குப் போன மின் ஒயர், ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற இணைப்பு. பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை. அதன் முனையை டார்ச் அடித்துப் பார்த்தால் 12 வோல்ட் தகட்டுப் பக்கம் பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக இளகிக் கோணியிருந்தது. இந்த வார்ப்பு வகையில் உள்ளே ஒயர்கள் நகர்ந்து உரசிப் பற்றிக்கொள்வதும் உண்டு. பிரிப்பு இணைப்பு வேண்டுமென்றால் ஒயரைத் தகட்டில் கவ்விப் பொருத்திய வகையை வாங்க வேண்டும். இல்லாமலே முடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

எஸ்எம்பிஎஸ்ஸும் தளர்ந்திருந்தது. பழைய, எதற்கும் ஆகாத டிஸ்க்குகளை மாட்டி அளந்தேன். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நான்கும் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர். அந்த நேரத்தில் 12 வோல்ட் 11.2-க்கு இறங்கியது. கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் வரையறை வழக்கமாக அனுமதிப்பது ஐந்து சதவீதம், 11.4-க்குக் கீழே போகக் கூடாது. திறந்து பார்த்ததில் வெளியீட்டுப் பக்கம் இரண்டு கெபாசிட்டர் தலை உப்பியிருந்தன. அவற்றை மட்டும் மாற்றலாம்தான். ஆனால் பத்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸில் மற்றவையும் அதே வயதுதான். ஒரே பிரதி தரவு தொங்கும் இடத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம் என்று புதிதாகவே மாற்றினேன். வீட்டில் யாரும் இதைத் திறக்க வேண்டாம். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

அடுத்து சுவர். ஊரில் பம்புசெட் மோட்டார்கள் கிளம்பும்போது மின்னழுத்தம் விழுவதும் நின்றால் எகிறுவதும் சாருக்குப் பழக்கம். சர்வர் வீட்டு இன்வெர்ட்டரில்தான் இருந்தது. அது சதுர அலை இன்வெர்ட்டர். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் உள்ள இருப்பை வைத்துத் தாண்ட வேண்டும். புதியதிலேயே அந்த இருப்பு 16, 17 மில்லி விநாடிக்குத்தான், அதாவது 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று கூட இல்லை. பத்து வருடம் ஓடித் தளர்ந்ததில் எவ்வளவு தாங்கும்? மழை ராத்திரியில் சி கழன்றது இப்படித்தான்.

அந்தச் சர்வர் மின்வெட்டில் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஒழுங்காக அணைந்தால் போதும். ஆகவே இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்து நேர் லைனில், நடுவில் சிறிய லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் (மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் சமாளிக்கிற வகை) ஒன்றை வைத்தோம். யூஎஸ்பி கேபிள் வழியாக அது சர்வரோடு பேசும். சில நிமிடத்தில் மின்சாரம் வராவிட்டால் நட் என்கிற மென்பொருள் சர்வரை முறையாக அணைத்துவிடும். மின்சாரம் வந்ததும் தானாகக் கிளம்புகிற பயாஸ் அமைப்பை நிறுத்தினேன். போய் வருகிற முதல் பத்து நிமிடம்தான் மோசமானது. சார் காலையில் எழுந்து பொத்தானை அழுத்திக்கொள்வார். எர்த் கம்பி குழாயில் சேருமிடத்தில் துருப்பிடித்து அறுந்திருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்தார்.

எதை மாற்றினோம், எதை விட்டோம்

மதர்போர்டையும் பிராசஸரையும் மாற்றவில்லை. புதிதாக ஒரு என்ஏஎஸ் பெட்டி (ஆயத்தமாக விற்கும் சேமிப்புச் சர்வர்) வாங்கலாமா என்று சார் கேட்டார். கோப்புகளைக் கொடுத்து வாங்குகிற வேலைக்கு ஐ3-3220 இன்றும் தாராளம். கிகாபிட் வலையின் விநாடிக்கு 110 எம்பி வேகத்தை அது சிரமமில்லாமல் நிரப்பும். ராமை மெம்டெஸ்ட் வைத்து ஒரு ராத்திரி முழுக்கச் சோதித்தேன், பிழை இல்லை. பிழை திருத்தும் இசிசி ராம் இந்தப் போர்டில் ஓடாது. இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக இசட்எஃப்எஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மற்ற கோப்பு முறைகளுக்கும் அதே ஆபத்துதான்.

பென்டிரைவுக்குப் பதில் சிறிய எஸ்எஸ்டி. புது விசிறிகள், டிஸ்க்குகளுக்குப் புது சாட்டா கேபிள்கள், மதர்போர்டுக்குப் புது சிஆர்2032 பேட்டரி. எஸ்எஸ்டியில் டெபியன் 12 மேல் ஓபன்மீடியாவால்ட் 7. நான்கு டிஸ்க் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. ஒன்றில் உள்ளது அப்படியே மற்றதிலும் இருக்கும். சூடு குறைவு, மின்சாரம் குறைவு, ஒன்று போனாலும் மற்றதை இசட்எஃப்எஸ் தெரிந்த எந்தக் கணினியில் மாட்டினாலும் படிக்கும். ஐந்தரை டிபிக்கு ரெய்டு 5 தேவையில்லை.

இதில் ஒரு சிக்கல் வந்தது. கடையில் யூஎஸ்பி டாக்கில் நன்றாக ஓடிய புது டிஸ்க், பெட்டியில் மாட்டினால் சுழலவே இல்லை. சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது முள்ளில் பழைய முறைப்படி 3.3 வோல்ட் வரும். புதிய பெரிய டிஸ்க்குகள் சில அந்த முள்ளில் மின்னழுத்தம் வந்தால் 'நின்றுகொள்' என்று எடுத்துக்கொள்ளும். டிஸ்க் செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. மஞ்சள் நிறப் பாலிமைடு டேப்பை மெல்லியதாக வெட்டி முதல் மூன்று முள்ளின் மேல் ஒட்டினேன், ஓடியது.

இரண்டாவது டிஸ்க்கை ஜோடி சேர்க்க, முதல் டிஸ்க்கில் இருந்த நகல்களை அழிக்க வேண்டும். அதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் வெளியில் மாட்டும் 8 டிபி டிஸ்க் ஒன்றிலும் இறக்கி, ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டு முடித்தோம். எந்தக் கட்டத்திலும் பிரதி இரண்டுக்குக் குறையவில்லை.

அந்த 8 டிபி டிஸ்க்கை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. மயிலாடுதுறையில் தம்பி வீட்டில் வைக்கலாம் என்றார் சார். நான் வேண்டாம் என்றேன். 2008-ல் நிஷா புயல் டெல்டா முழுவதையும் வெள்ளத்தில் போட்டது. 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆடுதுறைக்கு வருகிற வெள்ளமும் புயலும் மயிலாடுதுறைக்கும் வரும். டிஸ்க் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் அவர்கள் வரும்போது புதியதைச் சேர்த்துக்கொண்டு திரும்பிப் போகும். இணையம் வழியாக அனுப்பலாம்தான், ஆனால் ஊரில் அந்த வேகத்துக்கு முதல் பிரதி போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும்.

சர்வரின் இடமும் மாறியது. மாடிப்படிக்குக் கீழே இருந்தது, கூடத்துப் புத்தக அலமாரியில் இடுப்பு உயரத்துக்கு வந்தது. உமித்தூள் இல்லை, வெள்ளம் வந்தாலும் முதலில் நனையாது. எச்சரிக்கைகள் இப்போது சாருக்கும் மகளுக்கும் சேர்ந்தே போகின்றன. பழுது வரும்வரை காத்திராமல் மாதம் ஒரு சரிபார்ப்பு அறிக்கையும் போகும். அறிக்கை வராத மாதம் மகள் போன் செய்து கேட்பார். ஆறு மாதம் அமைதியாக ஓடிய பழுதுக்கு இதுதான் மருந்து. மாதம் ஒருமுறை இசட்எஃப்எஸ் எல்லாப் பைட்டையும் படித்துச் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடும். ஒரு டிஸ்க்கில் கெட்டிருந்தால் மற்றதிலிருந்து தானே திருத்திக்கொள்ளும்.

ஒரு சின்னக் குறை: கூடத்தில் உள்ள பழைய டிவி, வலையில் கோப்புகளைப் பகிரும் முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும் தெரிந்தது. 2017-ல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னகிரை பரவியது, விண்டோஸ் அந்தப் பதிப்பைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். லினக்ஸில் எஸ்எம்பி வேலையைச் செய்யும் சம்பா மென்பொருளின் புதிய பதிப்பு அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறது. டிவிக்காக அதைத் திறக்கவில்லை. டிவிகளுக்குப் பாட்டும் படமும் அனுப்பும் முறையான டிஎல்என்ஏ வழியாகப் பாட்டை அனுப்ப ஏற்பாடு செய்தோம்.

இப்போது சார் வேவ் கோப்புகளை ஃபிளாக் என்கிற சுருக்கிய ஒலிக்கோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறார். ஒலியில் எதுவும் குறையாது, இடம் நன்றாகக் குறையும். இடத்தைவிட முக்கியம், ஃபிளாக் தன் தலைப்பிலேயே அசல் ஒலியின் எம்டி5 என்கிற சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கிறது. தோடிக் கோப்பு ஃபிளாக்காக இருந்திருந்தால், திருத்திய செக்டர் சரிதானா என்று காதை நம்ப வேண்டியிருக்காது. ஒரு கட்டளையில் தெரிந்திருக்கும். பேரேட்டில் ஒவ்வொரு கேசட் எண்ணுக்குப் பக்கத்திலும் மாற்றி முடித்ததற்கு ஒரு டிக் போட்டு வருகிறார். 1980-களின் பக்கங்கள் முடிந்துவிட்டன.